அடுப்புக்குள்ள ஓடுற குழா

...எல்லாம் எங்க வீட்டுக்காரரு பண்ண வேலை, டீச்சர். பின்கட்டுச் சுவரு ஏன் இப்படித் திட்டுத்திட்டா இருக்குன்னுதானே பாக்குறீங்க? உக்காருங்க, காப்பி குடிச்சிட்டுப் போலாம். புதுசாக் குடிவந்திருக்கீங்க, பக்கத்து வீட்டு லட்சணம் தெரிய வேணாமா.

நீங்க சீரங்கத்துக்காரங்க, ஆத்துல முங்கியே பழகினவங்க. எனக்கு முட்டிவலி. வெந்நி இல்லாம ஆகாது. அண்டாவத் தூக்கிக்கிட்டு அடுப்படிக்கும் குளிக்கிற ரூமுக்கும் நடந்து, ஒருநாள் வழுக்கி விழுந்துட்டேன். 'இனிமே நீ தூக்கக் கூடாது அற்புதம்'னாரு. மறுநாளே ஃபிட்டர் சவரிராயனக் கூட்டிட்டு வந்துட்டாரு.

இந்த அறுபத்திரெண்டாம் வருசத்துல, பாலக்கரைல, விறகடுப்புக்குள்ள குழா விட்ட ஒரே வீடு எங்க வீடுதான். செம்புக் குழாய முறுக்கு மாதிரி சுத்தி அடுப்புக்குள்ள வச்சி, பரண்ல ஒரு செம்புப் பீப்பாய ஏத்தி ரெண்டையும் சேத்து, அங்கேருந்து குளிக்கிற ரூமுக்கு ஒரு பைப்பு. பத்து நாளு அடுப்படி என் கையில இல்ல. கறிவேப்பிலைய எடுக்கப் போனா திருகாணி வருது. ஆனா ஒண்ணு டீச்சர், சோறு வடிக்கிறதுக்குள்ள அங்க வெந்நி கொட்டுச்சு. மொத நாளு குழாயத் தொறந்து வச்சிட்டு நான் தனியா நின்னு சிரிச்சேன். அவருகிட்ட சொல்லல. சொன்னா, ஆளப் பிடிக்க முடியாது.

சொல்லாமயே பிடிக்க முடியல. ஞாயித்துக்கிழமை மாதா கோயில்ல பூசை முடிஞ்சதும் அவங்க அண்ணன் குடும்பத்தையே சாப்பிடக் கூட்டிட்டு வந்துட்டாரு. பின்கட்டுல எலை போட்டாச்சு. பீப்பாயிலேருந்து ஆவி போக ஒரு சின்னக் குழா, அடுப்படி ஜன்னல் வழியா வெளிய நீட்டிக்கிட்டிருக்கும். அது கூவ ஆரம்பிச்சிருச்சு. அவங்க அண்ணன், 'என்ன தம்பி, உன் வீட்டுக்கு ரயில் வருதா'ன்னு கேட்டு ஒரே சிரிப்பு. இவரு மொகம் சுண்டிப்போச்சு.

கொஞ்ச நேரத்துல கூவுறது கப்புன்னு நின்னுச்சு. அப்புறம் டமார்னு ஒரு சத்தம். அந்தச் சின்னக் குழாயிலேருந்து பழுப்பாத் தண்ணி பீச்சியடிக்குது, சுவரு மேல, எலை மேல, அண்ணனோட வெள்ளை ஜிப்பா மேல. மாதா புண்ணியத்துல ஒருத்தருக்கும் ஒண்ணும் ஆகல. ஆளுக்கொரு பக்கம் எந்திரிச்சு ஓடுறாங்க, நான் அடுப்படில வாயப் பொத்திக்கிட்டுச் சிரிக்கிறேன், அடக்கவே முடியல.

அவரு சிரிக்கல. 'ஒன்னக் கொன்னிருப்பேனே அற்புதம்'னாரு. மூணு நாளா சரியாச் சாப்பிடல. சவரிராயன் வந்து பாத்துட்டு, 'துருவா இருக்கும்'னு தலையச் சொறியிறாரு. இவரு எல்லாத்தையும் கழட்டியே தீரணுங்குறாரு. அந்தா, ஸ்பானரோட பரண்ல ஏறிட்டாரு பாருங்க.

என்னது... செம்புல ஏது துருன்னா கேக்குறீங்க? நீங்க சயின்ஸ் டீச்சரா?

மெதுவாப் பேசுங்க டீச்சர். அந்தக் கூவல் நிக்கட்டும்னு நான்தான்... ரசத்துக்கு ஊறவச்சிருந்த புளிய உருட்டி, ஜன்னல் வழியா கையவிட்டு அடைச்சேன். அத்தன பேரு முன்னாடி அவரப் பாத்து அப்படிச் சிரிச்சா எனக்குப் பொறுக்குமா?

ஐயய்யோ, மொத மரையக் கழட்டுறாரு. ஏங்க... ஏங்க, ஸ்பானரக் கீழ வச்சிட்டு எறங்கி வாங்க. ஒங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்.

டீச்சர், எங்க கெளம்புறீங்க? நீங்களும் இருங்க. அவரு சிரிக்கிற வரைக்குமாச்சும் இருங்க.