மூட்டை மண்ணில் புல்வேர்

“ஹலோ... சொல்லுங்க மாமா, கேக்குது, கேக்குது... வயல்ல நிக்கிற தண்ணி வடியக் குழாய் பதிக்கிற வண்டி வந்துடுச்சா? ரொம்ப சந்தோஷங்க...”

மண் ஆய்வுக்கூடத்தில் மருமகன் எழுந்து நின்றுகொண்டார். மாமனாரிடம் உட்கார்ந்தபடி பேசி அவருக்குப் பழக்கமில்லை, தொலைபேசியிலும் அப்படித்தான்.

“ஆமாங்க, குழாய்மேல சுத்தியிருக்கறது நான் சொன்ன மெல்லிசுத் துணிதான்... ஐயோ, அதை எதுக்கு மாமா ஊரெல்லாம் சொல்லிட்டிருக்கீங்க?... கூச்சமெல்லாம் இல்லீங்க... என்னது? டிரைவர் என்ன சொன்னார்?... அடியில மண்ணு மாவு மாதிரி வருதா?”

மேசைமேல் கண்ணாடிக் குழலில் மாமனார் மூட்டை கட்டி அனுப்பிய மண் இன்னும் இருந்தது. மேலே ஊற்றிய நீர் அந்தத் துணி வழியே தெளிவாகச் சொட்டியதைக் கண்டுதான் மருமகன் அந்தத் துணிக்குச் சம்மதம் தந்திருந்தார். மண்ணுக்குள் புல்வேர்கள் வெள்ளை நூலாய் ஓடின. அன்றைக்கே அவர் கண்ணில் பட்டவைதாம்.

“மாமா... ஒண்ணு கேட்டா கோவிச்சுக்க மாட்டீங்களே? அந்த மூட்டை மண்ணு, குழாய் போற ஆழத்துல எடுத்ததுதானா?... ஆமா, ஆமா, இடுப்புவலி... மேல் மண்ணையே வாரிப் போட்டுட்டீங்க... சரிங்க... இல்ல மாமா, தப்பு என்மேல. எனக்கு அப்பவே தெரியும்... வேர் இருந்துச்சு. அவ்வளவு ஆழத்துல புல்வேர் ஏது?... எப்படிங்க கேக்கறது? ‘நீங்க தோண்டலையா’ன்னு உங்களைப் போய்... வாய் வரலீங்க. மரியாதைன்னு நெனச்சு இருந்துட்டேன்.”

மறுமுனையில் இயந்திரத்தின் உறுமல் மட்டும் கேட்டது.

“மாமா?... அந்த மாவு மண்ணு துணியைத் தாண்டிடும். குழாய் அடைச்சுக்கும். மறுபடியும் வயல்ல தண்ணி நின்னு பயிர் அழுகிடும்... வண்டிய நிறுத்தச் சொல்லுங்க, தயவுசெஞ்சு... ஊரு சிரிக்கட்டும் மாமா, என்னைப் பாத்துத்தானே சிரிப்பாங்க... திட்டுங்க... அதுவும் சரிதான்... நல்லா திட்டுங்க...”

உறுமல் அடங்கியது.

“நிறுத்திட்டாங்களா... ரொம்ப நன்றிங்க. கிளம்பிட்டேன், நானே வந்து மண்ணெடுத்து மறுபடி சோதிக்கறேன்... டிரைவர்கிட்ட சாக்குப்பை எதுக்குக் கேக்கறீங்க?... யாரு குழிக்குள்ள இறங்கறது? நீங்களா? வேணாம் மாமா, இடுப்பு!... டிரைவர்கிட்ட போனைக் குடுங்க... ஆமாங்க, நான் கேட்டது ஆழத்து மண்ணுதான்... அதுக்காக இப்பப் போய்... இறங்காதீங்க மாமா... மாமா...”

இணைப்பு அறுந்தது.