காத்துக்கு ஆடாத பை

அதுக்கு நான் என்ன செய்ய முடியும், நீங்களே சொல்லுங்க அண்ணாச்சி. ஏரோப்ளேனக் கொண்டுபோயி பருத்திக்காட்டுக்குள்ள சொருவுனது பைலட்டு சுந்தரபாண்டியன். விசாரணைக்கு வரச்சொல்லுதது வாச்மேன் தனுஷ்கோடிய, என்னைய. என்ன ஞாயம் இது?... செத்த தள்ளி உக்காருங்க, பை நசுங்குது. உள்ள பால்கோவா இருக்கு. மொதலாளிக்கு. நாலு மணிக்கு ராசபாளையத்துல அவிய வீட்டுக்குப் போகணும். வெறுங்கையோட போயி நிக்கக்கூடாதுன்னு சீவில்லிபுத்தூர் வந்து வாங்கிட்டு இந்த பஸ்ஸப் புடிச்சேன்.

சோழபுரத்துக்குப் பக்கத்துல ஏரோப்ளேன் எறங்க மைதானம் போட்டிருக்காருல்லா மொதலாளி, சொந்தத்துக்கு, அதுல பதினோரு வருசமா நாந்தான் காவல். காவல்னா சும்மா கம்பத் தூக்கிக்கிட்டு நிக்கதா? ப்ளேன் வாரதுக்கு முன்ன ஆடு மாட்டப் பத்தணும், கல்லு பொறுக்கணும், மயில வெரட்டணும். மயிலு இருக்கே... ரெண்டடி நடந்து, திரும்பி நின்னு நம்மளையே பாக்கும். அது கெடக்கட்டும்.

கம்பத்துல ஒரு காத்துப்பை தொங்கும், ரெண்டு பக்கமும் வாய் தொறந்த துணிக்குழாய்; காத்தடிச்சா விறைச்சு நீட்டிக்கிட்டு நிக்கும். காத்து எந்தப் பக்கம் அடிக்குன்னு மேல இருந்து அதப் பாத்துத்தான் எறங்குவாகளாம். அன்னைக்கு ஆடிக்காத்து. என் தலைத்துண்டு பறந்து முள்ளுமரத்துல மாட்டிக்கிச்சு, அம்புட்டுக் காத்து. அந்த பைலட்டு மேல ஒரு சுத்து சுத்திட்டு, பை தொங்குதே, காத்தே இல்லன்னு நெனச்சு, காத்து தள்ளுத பக்கமாவே எறங்கிட்டாரு. காத்த எதுத்து எறங்குனாத்தான் ப்ளேன் நிக்குமாம், பொறவு எங்க நிக்க? வரப்பத் தாண்டி, பருத்திக்குள்ள போயி மூக்கக் குத்திக்கிட்டு நின்னுது. உள்ள இருந்த மொதலாளிக்கு மூக்குக்கண்ணாடி ரெண்டு துண்டு. மத்தபடி யாருக்கும் ஒரு கீறல் இல்ல. ஓடிப் பாத்துட்டு வரப்புலயே உக்காந்துட்டேன் அண்ணாச்சி.

அம்புட்டுக் காத்துக்கும் பை ஏன்டா தொங்குச்சுன்னு கேக்காரு பைலட்டு. புதுப் பைதான் கட்டியிருந்தேன். பழசு காத்துல பறந்து போச்சு... பறந்து போச்சுன்னுதான் மொதலாளிகிட்ட சொல்லியிருக்கேன். எம்பொண்டாட்டி கருத்தம்மா பேண்டேஜ் கம்பெனியில வேல பாக்கா. அங்க கழிச்சுப்போட்ட துணியில ஒண்ணு தச்சுக் குடுத்தா. புண்ணுக்குக் கட்டுத துணி, சுத்தத்துக்குக் கேக்கவே வேண்டாம். புண்ணு காத்தோட்டமா இருக்கணும்னு கண்ணு கண்ணா நெய்வாக. காத்து இந்தப்பக்கம் நொழஞ்சா அந்தப்பக்கம்...

ஏன் சிரிக்கிய?

சிரிங்க, சிரிங்க. வேல போச்சுன்னா மைதானத்து வீட்டையும் காலி பண்ணணும். ரெண்டு பொட்டப்புள்ளைய வச்சுக்கிட்டு எங்க போறது? மூணு நாளா சோறு எறங்கல எனக்கு.

என்னது... இந்தப் பையா? நல்லாருக்குல்லா. ஆரஞ்சும் வெள்ளையும். எம்புட்டு மழ பெஞ்சாலும் ஒரு சொட்டு உள்ள எறங்காது. கடையில கெடைக்காது அண்ணாச்சி. ஓரம் லேசாக் கிழிஞ்சுதுன்னு கம்பத்துல இருந்து எறக்குனேன். இம்புட்டு நல்ல துணி வீணாப் போகுதேன்னு அவதான் அடியத் தச்சு, காது வச்சு...

என்ன அப்படிப் பாக்கிய?

ஆத்தாடி. இதையா தூக்கிக்கிட்டுப் போறேன், அவிய வீட்டுக்கு?

அண்ணாச்சி, ஒங்க மஞ்சப்பையக் குடுங்க, பால்கோவாவ மாத்திக்கிடுதேன். இத நீங்களே வச்சுக்கிடுங்க, ஆயுசுக்கும் ஒழைக்கும்... எங்க எந்திரிக்கிய? இன்னும் ஊரே வரல. ராசபாளையம்னுதான டிக்கெட்டு எடுத்திய?