பேர் வெளியிட விரும்பாத ஒருத்தர்

— எழுதுனது நீங்கதானுங்களே? அப்பறம் போலீசு சொன்னாங்கன்னு எதுக்குங்க தம்பி போட்டிருக்குது?

— எழுதுனது நாந்தானுங்கம்மா. ஆனா தீயை நான் பார்க்கலீங்களே. இங்கிலீசுப் பேப்பர்ல ஒவ்வொண்ணும் யாரு சொன்னாங்கன்னு போட்டே ஆகோணும். அது போலீசுப் பேச்சு, எங்க பேச்சில்லீங்க.

— அவங்க மட்டும் பாத்தாங்களாக்கு? பஞ்சுக் கோடவுனு வெந்து தணிஞ்சப்பறம் வந்தவங்க. கதவு தொறந்தே கெடந்துச்சாமா. எம்பட மக பொற்கொடி சோத்துத் தூக்குப்போசிய எடுக்கத் திரும்பி உள்ள ஓடுனாளாமா. பக்கத்தூட்டு புவனா படிச்சுச் சொன்னா. ஒரு போசிக்காவ யாராச்சும் உசுர உடுவாங்களா?

— எனக்கும் அது நம்பிக்கையில்லீங்க. அதனாலதான் கடைசிப் பத்தியச் சேர்த்தேன்.

— அதுக்குத்தான் வந்தனுங்க. கதவு பூட்டியிருந்துச்சுன்னு ஒருத்தரு சொல்லியிருக்காராமா. பேரு போடலீன்னு புவனா சொன்னா. அவரு யாருங்க?

— பேரு வேண்டாம்னு கேட்டுக்கிட்டாருங்கம்மா. சரின்னு வாக்குக் குடுத்துப்போட்டேன். கோர்ட்டுல கேட்டாக்கூட சொல்ல முடியாதுங்க.

— நாளைக்குப் பல்லடத்துல ஆர்டிஓ விசாரணைங்க. கோடவுன்ல வேலை செய்யற அத்தன பேரும் கதவு தொறந்திருந்துச்சுன்னு கையெழுத்துப் போட்டுட்டாங்க. இவரு ஒருத்தரு வந்து சொல்லலீன்னா, எம்புள்ள போசிக்காவச் செத்தவளுன்னு ஆயிப்போகுமுங்க. அவரு கால்ல வேண்ணாலும் உளுகறேன்.

— ஊட்டுக்காரரு வரலீங்களா?

— வந்தாருங்க. அவரும் அந்தக் கோடவுன்ல மூட்டை தூக்கறவருதான். அன்னைக்குன்னு பாத்துப் பஞ்சு லாரியோட ஈரோடு போயிட்டாராமா. இருந்திருந்தா மகளக் காப்பாத்தியிருப்பாரு. இப்பக் காந்திபுரம் பஸ்ஸ்டாண்டுலயே உக்காந்துட்டாரு, உங்க ஆபீசுக்கு வரமாட்டேன்னுட்டாரு. பதிமூணு நாளா செரியாத் தூங்கறதே இல்லீங்க.

— அவரையும் கொஞ்சம் பாத்துக்குங்கம்மா.

— கதவப் பூட்டுனவன் எவனோ, அவன் கையி அழுகிப் போவோணுமுங்க.

— அப்படிச் சொல்லாதீங்க.

— ஏனுங்க சொல்லக்கூடாது? பெத்த வயிறு எரியுது.

— தெரியுதுங்கம்மா.

— செரி, பேரு வேண்டாம். அவரு என்ன சொன்னாருன்னு ஒருக்கா முழுசாத் தமிழ்ல படிச்சுச் சொல்லுங்க. பஸ்ஸு வந்துருச்சுன்னு புவனா பாதியிலயே போயிட்டா.

— வேண்டாங்கம்மா. ஊட்டுக்குப் போங்க.

— ஊரே படிச்சதத்தான கேக்கறேன் கண்ணு. எனக்கு மட்டும் சொல்லமாட்டீங்களா?

— ‘பெல் அடிக்கறதுக்கு முன்னால பொண்ணுக சோத்துக்குப் போயிடறாங்கன்னு, பின்கதவப் பூட்டச் சொன்னாங்க. பூட்டிச் சாவிய ஆபீசுல குடுத்துட்டேன். பொகையப் பாத்து ஓடுனா, ஆபீசுல ஆளில்லை. இப்படிச் சொன்னார், பேர் வெளியிட விரும்பாத தொழிலாளி ஒருவர்.’

— பூட்டுனவனேவா சொன்னான்?

— ஆமாங்கம்மா.

— அப்பறம்?

— அவ்வளவுதானுங்க.

— இல்லீங்க தம்பி. உங்க வெரலுக்குக் கீழ இன்னும் ரெண்டு வரி இருக்குது. எனக்குப் படிக்கத்தான் தெரியாது.

— ‘கருங்கல்ல எடுத்துப் பூட்ட அடிச்சேன். கல்லு தவறிச் சோத்தாங்கையில மூணு வெரலு நசுங்கிப்போச்சு. உள்ளயிருந்து ஒரு புள்ள கடைசி வரைக்கும் கூப்புட்டுக்கிட்டே இருந்துச்சு.’

— மூணு வெரலுங்களா?

— அம்மா, தண்ணி குடிங்க.

— சைக்கிள்ல உளுந்துட்டேன்னு சொன்னாருங்க தம்பி. பதிமூணு நாளா அந்தக் கைக்கு மருந்து வெச்சு, நாந்தானுங்க சோறு ஊட்டிவுடறேன்.