கேட்டுவிட்டுப் பூசிய சாயக்காரக்காவுக்கு

நகரக் குடிநீர்க் கட்டுப்பாட்டு அறையின் நந்தா விளக்கே! நாற்பத்தேழு பம்புகளின் நாடித்துடிப்பை நாங்கள் நாள்தோறும் நாற்காலியில் இருந்தபடியே காண, கறுப்புத் திரையில் கண்ணைப் பறிக்கும் வண்ணங்களைக் கொண்டுவந்து சேர்த்த கணினிக் கலைச்செல்வியே! முப்பத்திரண்டு ஆண்டுகள் முதுகொடிய உழைத்தும் ஒருநாளும் முகம் சுளிக்காத மூத்தவரே! எங்கள் சாயக்காரக்காவே! வணக்கம், வணக்கம், இன்னும் ஒருமுறை வணக்கம்!

நேரடிப் புகழ்ச்சி இத்துடன் முடிந்தது. போன வாரமே அக்கா எங்களை மிரட்டி வைத்துவிட்டார். "மூஞ்சிக்கு நேரா புகழ்ந்தீங்கன்னா எந்திரிச்சுப் போயிடுவேன், ஆமா." சொன்னால் செய்கிற ஆள். ஆகவே இனி இந்தப் பணிநிறைவு வாழ்த்து மடல் மண்டபத்தில் கூடியிருக்கும் உங்களிடம் பேசும். அக்கா முன்வரிசையில் உட்கார்ந்து, யாரோ பிறத்தியார் கதையைக் கேட்பதுபோல் கேட்டுக்கொள்ளட்டும். வாசிப்பவர் எங்கள் கட்டுப்பாட்டு அறைக் கண்காணிப்பாளர். 'பதினொன்று' என்று எல்லோரும் கூப்பிடுவோமே, அவரேதான். "நான்தான் வாசிப்பேன், வேற எவனும் மைக் பக்கம் வரக் கூடாது" என்று ஒற்றைக்காலில் நின்று இந்தப் பொறுப்பை வாங்கிக்கொண்டார். ஏன் என்பது போகப் போகத் தெரியும்.

பத்தொன்பது வருடங்களுக்கு முன்பு எங்கள் திரைகளில் படமும் கிடையாது, பொம்மையும் கிடையாது. கறுப்பு வெளியில் வெள்ளை எழுத்து, அவ்வளவுதான். பம்புக்கு ஒரு வரி. வரியில் எண், இடம், குதிரைத்திறன், கடைசியில் 'ஓடுகிறது' அல்லது 'நின்றது'. நாற்பத்தேழு வரியையும் மேலிருந்து கீழே படித்து முடிப்பதற்குள் முதல் வரி மறந்துபோகும். அந்தச் சமயத்தில்தான் எட்டு நிறம் காட்டும் புதிய திரைகள், அதாவது டெர்மினல்கள், வந்து இறங்கின. அக்காவுக்குத் தலைகால் புரியவில்லை! பெட்டியைப் பிரித்த அட்டையைக்கூட அப்புறப்படுத்தாமல், அதன் மேலேயே உட்கார்ந்து புரோகிராமை மாற்றி எழுத ஆரம்பித்துவிட்டார். அவர் கணவர் இங்கேதான் இருக்கிறார், கேட்டுப் பாருங்கள். "வீட்டுச் சுவருக்கு என்ன கலர்னு ஆறு வருஷமா முடிவு பண்ணல. ஆபீஸ் திரைக்கு மட்டும் ஒரே வாரத்துல எட்டுக் கலர்!" என்று அன்றைக்குச் சொன்னதை இன்றைக்கும் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

ஓடும் பம்புக்குப் பச்சை, நின்ற பம்புக்குச் சிவப்பு, பழுதுபார்க்கும் பம்புக்கு மஞ்சள். திரையே திருவிழாவானது! ஒரே பார்வையில் நகரம் முழுக்கத் தெரிந்தது. அன்று மாலையே 'சாயக்காரக்கா' என்ற பட்டம் ஒட்டிக்கொண்டது. ஆனால் ஒரு சங்கதி. தண்ணீர் மட்டம் காட்ட இன்னொரு பத்தி வேண்டும் என்று மேலிடம் கேட்டது. வரியில் இடம் போதவில்லை. "நிறம்தான் சொல்லுதே, அப்புறம் எழுத்து எதுக்கு?" என்று அக்கா 'ஓடுகிறது', 'நின்றது' என்ற சொற்களைத் தூக்கிவிட்டு, அந்த இடத்தில் ஒரு சின்னக் கட்டத்தை மட்டும் வைத்தார். நாங்களும் கை தட்டினோம். இந்தக் கட்டத்தைத் தயவுசெய்து ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் அடி மறுநாளே விழுந்தது. நகரின் கடைக்கோடியில் இருக்கும் பம்பு யார்டில், நிறமே அறியாத பழைய டெர்மினல் ஒன்று இன்னும் உயிரோடு இருந்தது. அங்கேயிருந்து யார்டுக்காரர் போன் செய்தார். "அக்கா, ஒவ்வொரு பம்பு பக்கத்துலயும் என்னமோ மந்திரம் எழுதியிருக்கு. ஒரு சதுர அடைப்பு, அப்புறம் முப்பத்தொண்ணோ முப்பத்திரண்டோ, அப்புறம் எம். இதுல எந்தப் பம்புக்கா ஓடுது?"

அக்கா தலையில் அடித்துக்கொண்டார். முப்பத்தொன்று என்றால் சிவப்புக்கு மாறு, முப்பத்திரண்டு என்றால் பச்சைக்கு மாறு என்று திரைக்குப் போகும் குறிதான் அது. புரிந்த திரை நிறத்தை மாற்றும். புரியாத திரை குறியையே அப்படியே எழுதிக் காட்டும். மணிக்கொருமுறை பிரிண்டரில் வரும் அறிக்கையிலும் இதே மந்திரம்தான். "உனக்கு எத்தனை நிறம் தெரியும்னு திரையை ஒரு வார்த்தை கேட்காம பூசிட்டேனே, என்ன மனுஷி நான்!" என்று சொல்லிக்கொண்டே உட்கார்ந்தவர், பிற்பகலுக்குள் சரிசெய்துவிட்டார். இனி புரோகிராம் எழுந்ததும் முதலில் கேட்கும். நிறம் தெரிந்த திரை என்றால் கட்டமும் நிறமும். தெரியாத திரை என்றாலோ, போவது திரைக்கல்ல, காகிதத்துக்கு என்றாலோ, நிறமே வேண்டாம், பழையபடி எழுத்து. தன் மேஜைக்கு மேலே ஒரு தாளையும் ஒட்டினார்: 'கேட்டுவிட்டுப் பூசு.' மஞ்சளேறிப் போய் இன்றைக்கும் அங்கேயே இருக்கிறது.

ஆனால் திரையைக் கேட்ட அக்கா, திரைக்கு முன்னால் உட்கார்ந்திருந்த ஆளைக் கேட்கவில்லை.

அந்த ஆள் அப்போது முப்பத்தைந்து வயது ஆபரேட்டர். பிறவியிலேயே அவருக்குச் சிவப்பும் பச்சையும் ஒன்று. இரண்டுமே சேற்று நிறம். வீட்டில் மனைவிக்கு மட்டும் தெரியும். தக்காளி வாங்க அனுப்பினால் காயாகப் பொறுக்கி வருவார், மனைவி திட்டிக்கொண்டே பையைக் கவிழ்ப்பார். ஆபீசில் மூச்சுவிடவில்லை. வேலையில் சேர்ந்தபோது ஒரு கண்ணை மூடிக்கொண்டு எழுத்துப் படிக்கச் சொன்னார்கள், படித்தார், அத்தோடு சரி. எழுத்துத் திரை இருந்தவரை அவருக்கு ஒரு குறையும் இல்லை. புதுத்திரை வந்த அன்று எல்லோரும் ஆகா ஓகோ என்றபோது, நாற்பத்தேழு சேற்றுக் கட்டங்களைப் பார்த்து அவரும் சேர்ந்து கை தட்டினார். வெளியே சொன்னால் கட்டுப்பாட்டு அறையை விட்டுத் தூக்கிக் வாசல் கேட்டில் காவலுக்கு உட்கார வைத்துவிடுவார்கள். இரண்டு பிள்ளைகள், வாடகை வீடு, தெரிந்தது இந்த ஒரு வேலை.

பாவம், அவருக்கு ஒரு வழி கிடைத்தது. யார்டில் அந்தப் பழைய திரை இன்னும் எழுத்தில் பேசிக்கொண்டிருந்ததல்லவா? அரை மணிக்கொருமுறை அங்கே போன் போட்டு, ஒவ்வொரு பம்பாகப் படிக்கச் சொல்லிக் குறித்துக்கொண்டார். இருபது நாள் ஓடியது.

இருபத்தோராம் நாள் பகல் இரண்டு மணிக்கு யார்டுக்காரர் வால்வு கழற்ற வெளியே போயிருந்தார். போன் அடித்தது, அடித்தது, எடுக்க ஆள் இல்லை. பதினோராம் பம்பு நின்றது. ஆஸ்பத்திரிக்குத் தண்ணீர் ஏற்றும் பம்பு அது. கட்டம் பச்சையிலிருந்து சிவப்பானது. அவர் கண்ணுக்குச் சேறு சேறாகவே இருந்தது. நாற்பது நிமிடம்! அறுவை அரங்கில் கை கழுவக் குழாயைத் திறந்த டாக்டருக்குக் காற்றுதான் வந்தது. லாரித் தண்ணீர் போய்ச் சேர்ந்து, யாருக்கும் எதுவும் ஆகவில்லை, பிழைத்தோம். தலைமைப் பொறியாளர் கொதித்துப் போனார். மறுநாள் பத்து மணிக்கு விசாரணை. 'என் கவனக்குறைவே காரணம்' என்று ஆபரேட்டர் இரண்டே வரியில் எழுதிக் கையெழுத்துப் போட்டு வைத்துவிட்டார்.

மறுநாள் ஒன்பதரை மணிக்கு யார்டுக்காரர் அக்காவிடம் ஓடி வந்தார். "அக்கா, என்மேல தப்பு. தம்பி தினம் போன் பண்ணி என்னைத்தான் படிக்கச் சொல்லும். நேத்து நான் இல்ல."

"அவன் முன்னாலதான் எட்டுக் கலர் திரை இருக்கே. கலரே இல்லாத உன்னை எதுக்குக் கேக்கறான்?" கேட்டு வாய் மூடுமுன் அக்காவுக்குப் பொறி தட்டியது. மாடிப்படியில் ஆபரேட்டரைப் பிடித்து நிறுத்தினார்.

"தம்பி, என்கிட்ட மறைக்காதே. கட்டம் உனக்குத் தெரியலையா?"

அவர் படியிலேயே உட்கார்ந்துவிட்டார். "அக்கா, யார்கிட்டயும் சொல்லிடாதீங்கக்கா. தெரிஞ்சா என்னைக் கேட்டுக்கு அனுப்பிருவாங்க. கவனக்குறைவுன்னா திட்டு, மெமோ, அதோட போயிடும். கண்ணுல குறைன்னா என் வேலையே போயிடும்."

"எந்திரி. சட்டையத் தட்டிக்கோ. உள்ள வந்து நீ வாயைத் திறக்காதே, அது போதும்."

விசாரணை அறையில் அக்கா யாரையும் கேட்காமல் தலைமைப் பொறியாளரின் டெர்மினல் முன்னால் போய் நின்றார். அமைப்புகளுக்குள் நுழைந்து எட்டு நிறத்தையும் ஒரே சாம்பலாக மாற்றினார். "ஐயா, பதினோராம் பம்பு இப்ப ஓடுதா, நிக்குதா?"

அவர் கண்ணாடியைப் போட்டார், கழற்றினார், திரும்பப் போட்டார். "தெரியலையேம்மா."

"தெரியாது ஐயா. நிறம் போனா இந்தத் திரையில ஒண்ணுமே மிச்சம் இல்ல. வெயில் பட்டாலும், திரை பழுதானாலும் யாருக்கும் இப்படித்தான் தெரியும். எழுத்தை எடுத்தது நான். அவரு எழுதின கடிதத்தைக் கிழிச்சுப் போடுங்க. மெமோ எனக்குக் குடுங்க."

கொடுத்தார்கள். பதவி உயர்வு இரண்டு வருடம் தள்ளிப்போனது. அன்று பிற்பகலே ஒவ்வொரு கட்டத்துக்குப் பக்கத்திலும் 'ஓடு', 'நில்' என்று எழுத்து திரும்ப வந்தது. நிறமே வேண்டாம் என்பவர் அணைத்துக்கொள்ள ஒரு வசதியும் வந்தது. மேஜைக்கு மேலே இரண்டாவது தாள் ஒட்டப்பட்டது: 'நிறம் சொல்வதை எழுத்தும் சொல்ல வேண்டும்.' ஏன் என்று கேட்டவர்களிடம் அக்கா வெயிலைத்தான் காட்டினார். ஆபரேட்டரின் கண்ணைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. தன் கணவரிடம்கூட இல்லை! அவர் இப்போது வாயைப் பிளந்துகொண்டு திரும்பிப் பார்க்கிறார், பாருங்கள்.

பம்பு நின்றது தெரியும், இந்த உட்கதை எங்களுக்கும் தெரியாது. போன வாரம் இம்மடலுக்காக அக்காவின் பணிப்பதிவேட்டைப் புரட்டியபோது, குறையே இல்லாத முப்பத்திரண்டு வருடத்துக்கு நடுவில் அந்த ஒற்றை மெமோ துருத்திக்கொண்டு நின்றது. இது என்ன கறை என்று கண்காணிப்பாளரிடம் கேட்டோம். அவர் எல்லாவற்றையும் சொல்லிவிட்டு, "எழுதுங்க, ஒண்ணையும் விடாம எழுதுங்க. நான்தான் வாசிப்பேன்" என்றார். ஆம், ஐயன்மீர், அம்மையீர்! அந்த ஆபரேட்டர்தான் இதோ மைக்கின் முன்னால் நிற்கும் பதினொன்று! அந்தப் பம்பால் வந்த பட்டப்பெயரைப் பத்தொன்பது வருடம் சிரித்துக்கொண்டே சுமந்தவர், தன் ரகசியத்தைத் தன் வாயாலேயே இத்தனை பேர் முன்னால் வாசித்துவிட்டார். இனிமேல் கேட்டில் உட்கார வைப்பார்களாமா? வைத்துப் பார்க்கட்டும்! அங்கே பலகையிலும் எழுத்துதான் இருக்கிறது, படித்துக்கொள்வார்.

அக்கா, எழுந்திருக்காதீர்கள்! கதவைச் சாத்திவிட்டோம், யார்டுக்காரர் காவலுக்கு நிற்கிறார்.

இனி உங்களிடமே பேசுகிறோம், திட்டினால் திட்டிக்கொள்ளுங்கள். திரைக்கு நிறம் தந்த திறமைக்கு ஒரு வணக்கம். தெரியாதவருக்கு எழுத்துத் தந்த தாயுள்ளத்துக்கு ஓராயிரம் வணக்கம்! தவறு செய்யாதவர் என்று உங்களைப் புகழ மாட்டோம். செய்த தவறைத் தன் பேரில் எழுதி வாங்கிக்கொண்டவர் என்று காலமெல்லாம் சொல்லிக்கொண்டிருப்போம். நோய்நொடி அண்டாமல், நூறைத் தாண்டியும் நுணுக்கம் குறையாமல், வீட்டுச் சுவருக்கு ஒரு நிறத்தை இந்த வருடமாவது முடிவுசெய்து, உற்றார் உறவினரோடு உவகை பொங்க வாழ்க! வாழ்க! வாழ்க!

கடைசியாக ஒன்று. இந்த மடலுக்குப் பச்சை நிறப் பிரேம் வாங்கிவரும்படி பதினொன்றை அனுப்பினோம். அவர் தனியாகவே கடைக்குப் போய், தானே தேர்ந்தெடுத்து, பெருமையோடு கொண்டுவந்து வைத்தார். நாங்கள் ஒன்றும் சொல்லவில்லை, மாற்றவும் இல்லை. அவருக்குத் தெரியாமல் நேற்று இந்தப் பத்தியை மட்டும் சேர்த்தோம்; ஆகவே அவரும் உங்களோடு சேர்ந்து இப்போதுதான் இதைத் தெரிந்துகொள்கிறார். உங்கள் விதிப்படி, அக்கா, அடியில் எழுத்திலும் சொல்லியிருக்கிறோம்.

என்றும் உங்கள் அன்புக்குப் பாத்திரமான,
கட்டுப்பாட்டு அறை, பம்பு யார்டு மற்றும் பணிமனை ஊழியர்கள்

பிரேமின் நிறம்: சிவப்பு