பிரேசில் சங்கத்துத் தலைவர்

பிக்கரிங் நகருக்குப் போகும் ரயிலில், எனக்கு முன் இருக்கையிலிருந்த பெரியவர் பக்கத்து ஆளிடம் சொன்னார்:

“தம்பி, என்னைப் பிரேசில்காரர் தங்கடை சங்கத்துக்குத் தலைவராக்கிப்போட்டினம்.”

“உங்களையோ அண்ணை? எப்பிடி?”

“மருமகள் பிரேசில் பிள்ளை. அவவோடை கூட்டத்துக்குப் போனனான். பிள்ளையளுக்குச் சம்பா நடனம் பழக்கிறதோ, புதுசா வந்த சனத்துக்குக் குளிர் ஜாக்கெட் சேர்க்கிறதோ எண்டு ரெண்டு பகுதியும் சண்டையாம், பிறகு மருமகள்தான் சொன்னவ.”

“உங்களுக்குப் போர்த்துக்கீச பாஷை தெரியுமோ?”

“ஒரு சொல்லும் தெரியாது. ஆர் கத்தினாலும் சிரிச்சுத் தலையாட்டினன். நடுநிலையான மனுசன் எண்டு ரெண்டு பகுதியும் எனக்குக் கை தூக்கிச்சினம்.”

“அப்ப இனி அந்தப் பாஷையைப் பழகுங்கோ.”

பெரியவர் பதறிப்போனார்.

“உனக்கென்ன விசரே? எங்கடை ஊர்ச் சங்கத்திலை பாஷை விளங்கினபடியாத்தானே நான் சண்டை பிடிச்சு வெளியிலை வந்தனான்!”