குளமாகிவிட்ட மைத்துளி

இந்த இரங்கல் கூட்டத்துக்குத் தலைமை ஏற்றிருக்கும் சங்கத் தலைவர் அவர்களே, மேடையில் அமர்ந்திருக்கும் பெரியோர்களே, அம்மையாரின் தம்பி அவர்களே, நோட்டீஸ் வாங்கிய நாற்பத்தொரு வீட்டிலிருந்தும் வந்திருப்பவர்களே, அனைவருக்கும் என் வணக்கம்.

எனக்கு மேடைப் பேச்சு வராது. எழுதி வந்ததைப் படிக்கிறேன். முப்பத்து நான்கு ஆண்டு அடுத்தவர் வரைந்ததைப் பார்த்து வரைந்தவன் நான். சொந்தமாக இதை எழுத மூன்று நாள் ஆயிற்று. அதிலும் பிழை இருக்கலாம்.

நில அளவை அலுவலகத்தில் வரைபடப் பிரிவின் தலைவராக இருந்த அம்மையாரை நாங்கள் முதுகுக்குப் பின்னால் 'பூதக்கண்ணாடி' என்போம். அது அவருக்குத் தெரியும். "கண்ணாடியைச் சேர்த்துச் சொல்றீங்களே, அந்த மட்டும் சந்தோஷம்" என்றார் ஒருநாள்.

எங்கள் வேலையைச் சொல்லிவிடுகிறேன். நம்மை ஆண்ட வெளிநாட்டார் நூற்றைம்பது ஆண்டுக்கு முன் இந்த ஊரை அளந்து மூலப்படம் வரைந்தார்கள். அது பூட்டிய அறையில் இருக்கிறது. புழக்கத்தில் இருப்பது நகல். முப்பது ஆண்டுக்கு ஒருமுறை அது நைந்துபோகும்; புதிது எடுப்போம். எதையும் சேர்க்கக் கூடாது, எதையும் விடக் கூடாது. மூலப்படத்தைப் பார்க்க மேலிடத்து அனுமதி வேண்டும் என்பதால் முந்தைய நகலைப் பார்த்தே வரைவோம். முடித்ததும் 'மூலத்துடன் ஒப்பிட்டுச் சரிபார்க்கப்பட்டது' என்று எழுதிக் கையெழுத்துப் போடுவோம். எனக்கு முன்னால் இருந்தவர்களும் அப்படித்தான் செய்தார்கள்.

நான் ஓய்வுபெற ஒரு மாதம் இருந்தபோது இஸ்திரிக் கடை அக்கா கையில் நோட்டீஸோடு வந்தார். இதோ, முன்வரிசையில் இருக்கிறார். குளத்தை ஆக்கிரமித்து வீடு கட்டியிருக்கிறீர்கள், காலி செய்யுங்கள் என்று நோட்டீஸ்.

"எங்க தாத்தாவோட தாத்தா கட்டின வீடு சார். அங்க குளம்னா, நாங்க என்ன மீனா?"

"படத்துல இருக்கும்மா" என்றேன்.

"மண்ணுல இல்லையே."

"நாங்க படத்தைத்தான் பார்க்கணும்."

அம்மையார் தம் மேசையிலிருந்து எழுந்து வந்தார். "அங்க பள்ளம் ஏதாவது இருக்காம்மா?" என்று கேட்டார்.

"மேடும்மா. மழை பெஞ்சா தண்ணி நிக்காது."

இந்தக் கேள்வியைக் கேட்க எனக்கு ஏன் தோன்றவில்லை? அலுவலகத்தில் அந்த வெளிநாட்டாரைத் திட்டாதவர் கிடையாது. நானும் திட்டியிருக்கிறேன். ஆனாலும் அவர்கள் எழுதியிருந்தால் சரியாகத்தான் இருக்கும் என்பதும், நம் ஆள் வாயால் சொன்னால் அதற்குச் சாட்சி வேண்டும் என்பதும் எங்கள் கைக்குப் பழகிவிட்டது.

மூலப்படத்தைப் பார்க்க அம்மையார் ஆறு முறை விண்ணப்பித்தார். ஆறாவது முறை மேலதிகாரி கூப்பிட்டார்.

"அதுல தப்பு இருக்குங்கிறீங்களா? அதை வரைஞ்சது யாரு தெரியுமா?"

"யாருன்னு தெரியாது சார். அவர் பேனா ஒழுகியிருக்குமோன்னு ஒரு சந்தேகம்."

அவர் சிரித்துவிட்டார். அனுமதியும் கிடைத்தது.

ஒழுகித்தான் இருந்தது. மூலப்படத்தில் அங்கே இருந்தது ஒரு மைத்துளி. அடியில் கிடந்த வேறொரு பகுதியின் படத்தாளிலும் அதே இடத்தில் ஊறியிருந்தது. அந்தத் தாளில் அது விழுந்த இடம் ஒரு மலையுச்சி. முதல் நகலில் துளி வட்டமாயிற்று. இரண்டாவதில் வட்டத்துக்குக் கரை வந்தது. மூன்றாவதில் அப்படியே இருந்தது. நான்காவதில் 'குளம்' என்ற பெயர். ஐந்தாவது நகல் என்னுடையது. தண்ணீருக்கு நீலம் பூச வேண்டும் என்பது விதி. பூசினேன். அழகாகவே பூசினேன். விதியை மீறியதாக எங்களில் ஒருவரும் நினைக்கவில்லை.

அம்மையார் அறிக்கை கொடுத்தார். வீடுகளை இடிப்பது நின்றது; குளத்தை மீட்க வேண்டும் என்று போட்டிருந்த வழக்கு நிற்கவில்லை. ஐந்து பேர் ஒப்பிட்டுப் பார்த்துக் கையெழுத்திட்ட படத்தை ஒருவர் பேச்சைக் கேட்டு மாற்றுவதா என்று எதிர்த்தரப்பு கேட்டது. அந்த ஐவரில் உயிரோடு இருப்பவன் நான்தான். அம்மையார் என் வீட்டுக்கு வந்தார்.

"ஒப்பிட்டுப் பார்க்கலைன்னு ஒரு பக்கம் எழுதிக் கொடுங்க சார், போதும்."

"பார்க்கலாம்மா" என்றேன். அடுத்த முறையும் "பார்க்கலாம்மா". மூன்றாம் முறை வந்தவர் அதைக் கேட்கவே இல்லை. தேநீர் குடித்தார், என் முழங்கால் வலியை விசாரித்தார், போய்விட்டார். அதற்கப்புறம் நான் அவரை உயிரோடு பார்க்கவில்லை.

எதற்குப் பயந்தேன்? பொய்க் கையெழுத்து என்று வழக்குப் போடுவார்களோ என்று. அதைவிட, உடன் வேலை பார்த்தவர்கள் என்ன நினைப்பார்களோ என்று. அவர்களில் பலர் இங்கே இருக்கிறீர்கள். நீங்களும் அப்படித்தான் கையெழுத்துப் போட்டீர்கள். எனக்குத் தெரியும்.

வரும் புதன்கிழமை விசாரணை. அறிக்கை எழுதியவர் இல்லை. அவருக்காக நேரில் நின்று பேச ஆள் வேண்டும். அவர் பணியை நாம் தொடர்வோம் என்று இங்கே பலர் சொன்னார்கள். எனக்கு அப்படிப் பொதுப்படையாகச் சொல்ல வராது. அந்த ஒரு பக்கத்தை எழுதிவிட்டேன். காலையில் கையெழுத்தும் போட்டேன். என்னிடமே இருந்தால் புதன்கிழமைக்குள் மனம் மாறிவிடும். தலைவர் அவர்கள் இப்போதே, எல்லோரும் பார்க்க, இதை வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும்.

அக்கா, புதன்கிழமை போகும்போது என்னையும் வீட்டில் வந்து கூட்டிக்கொண்டு போங்கள். தலைவலி என்று ஏதாவது சொல்வேன். நம்பாதீர்கள்.