ஐந்தாவது கை

(நந்தி மலைச்சரிவில், ஊர்ப் பள்ளி மைதானத்தில் நடந்த பாராட்டு விழாவில் கால்நடைத் தொற்றுநோய்ப் பேராசிரியர் ஜெப்லெட்டிங் ஆற்றிய ஏற்புரை)

அவைத் தலைமையை அழகு செய்யும் ஊர்த் தலைவர் அராப் துவெய் அவர்களே! கம்பளி போர்த்தி, கைத்தடி ஊன்றி, காது மடலைக் கையால் குவித்து முன்வரிசையில் வீற்றிருக்கும் மூத்தோர்களே! மாலைக் கறவையை மறந்து, மடியில் மழலையோடு வந்து அமர்ந்திருக்கும் என் தாய்மார்களே! கூடையை இறக்கியும் கொழுந்தின் மணம் இறங்காத கைகளோடு நிற்கும் தேயிலைத் தோட்டத்துத் தோழிகளே! விடியுமுன் மலையேறி ஓடி, வெளிநாட்டு மைதானங்களில் பதக்கம் வாங்கி வரும் வேகக்கால் தம்பிகளே! விழா முடிந்தால்தான் விருந்து என்ற விவரம் தெரிந்து, வாயை மூடி உட்கார்ந்திருக்கும் மற்றுமுள்ள மாபெரும் அறிஞர்களே! உங்கள் எல்லோரையும் வணங்குகிறேன்.

என் கழுத்தில் சினெந்தெத் கொடியை மாலையாகச் சூட்டினீர்கள். ஓடி வென்றவர்களுக்குச் சூட்டும் கொடி அது. உட்கார்ந்தே படித்தவளுக்கும் சூட்டியிருக்கிறீர்கள். சுரைக்குடுவை நிறைய முர்சிக் கொடுத்தீர்கள். கரி மணக்கும் அந்தப் புளித்த பாலைக் குடித்தேன், குளிர்ந்தேன். எனக்கு முன்னால் பேசிய தலைமையாசிரியர், விலங்குகளின் தொற்றுநோய்களை விரட்டிய வீராங்கனை என்றார். அஞ்சாமைக்கு இவரே அடையாளம் என்றார். ஐயா, மன்னிக்க வேண்டும். இந்த மேடையில் இருப்பவர்களிலேயே அதிகம் அஞ்சிக்கொண்டிருப்பவள் நான்தான். 

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். இன்னும் சற்று நேரத்துக்குத்தான் சிரிக்க முடியும்.

இன்று காலை நான் விழாவுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தபோது ஆய்வுக்கூடத்திலிருந்து போன் வந்தது. நம் கிப்யேகோவின் வெள்ளைப் பசு செலெல் முந்தாநாள் இறந்தது உங்களுக்குத் தெரியும். அதன் தலையை ஆய்வுக்கு அனுப்பியிருந்தோம். செலெலுக்கு வந்தது தொண்டை அடைப்பு அல்ல; வெறிநோய். நாய்க்கு வருமே, நரிக்கு வருமே, அதே வெறிநோய். வாயில் எச்சில் வழிய, தீனி தின்னாமல் பசு நின்றபோது, அவகாடோக் கொட்டை சிக்கிக்கொண்டது என்று நினைத்துத் தொண்டைக்குள் கைவிட்டுத் துழாவியவர்கள் நான்கு பேர். கிப்யேகோ, அவர் மனைவி ஜெமுத்தாய், அண்டை வீட்டார் இருவர். நால்வரும் இன்று காலையே முதல் ஊசி போட்டுக்கொண்டு, அதோ, பந்தலின் இடப்பக்கம் உட்கார்ந்திருக்கிறார்கள்.

ஆனால் கை விட்டவர்கள் நான்கு பேர் அல்ல. ஐந்து பேர்!

அந்த ஐந்தாவது கை யாருடையது? எனக்குத் தெரியாது. கிப்யேகோவுக்கும் தெரியாது. வீடு வீடாக ஆள் அனுப்பிக் கேட்டோம், ஒருவரும் ஒப்புக்கொள்ளவில்லை. ஆனால் ஊரே இன்று இந்த மைதானத்தில் இருக்கிறது. அந்தக் கைக்குரியவரும் இங்கேதான் எங்கோ உட்கார்ந்து என்னைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். அவரைக் கண்டுபிடிக்காமல் நான் இந்த மேடையை விட்டு இறங்கப்போவதில்லை. இன்றைய என் பேச்சு அதற்குத்தான்.

என்ன தம்பி? சத்தமாகச் சொல். “மாட்டுக்கு எங்கயாவது வெறி புடிக்குமா? அது யாரையும் கடிக்கலையே!” என்கிறார். அருமையான கேள்வி. இந்தக் கேள்வியைக் கேட்டுவிட்டு வீட்டுக்குப் போனவர்கள் பலர் இன்று உயிரோடு இல்லை. நாய்க்கு வெறி பிடித்தால் அது நம்மைத் தேடி வருகிறது, நாம் ஓடுகிறோம். பசுவுக்குப் பிடித்தால் அது நின்ற இடத்தில் நின்று அழுகிறது. நாம் அதைத் தேடிப் போகிறோம். தொண்டை செயலிழந்து, எச்சிலை விழுங்க முடியாமல் வழிய விடுகிறது. ஏதோ சிக்கியிருக்கிறது என்று நாம் கையை விடுகிறோம். நோய் அந்த எச்சிலில் இருக்கிறது. நம் கையிலோ தேயிலைச் செடி கீறிய கீறல் இருக்கிறது. கடி எதற்கு? கதவுதான் திறந்து கிடக்கிறதே!

அம்மா, செலெலின் பாலைக் குடித்தோமே என்று பதற வேண்டாம். காய்ச்சிக் குடித்த பாலால் ஒன்றும் வராது. பச்சையாகக் குடித்தவர்கள் இருந்தால் விழா முடிந்ததும் என்னிடம் தனியாக வாருங்கள். நான் இப்போது தேடுவது அந்தக் கையை.

நான் கால்நடை மருத்துவம் படிக்கக் கிளம்பியபோது என் பெரியப்பா கேட்டார்: “மாட்டுப் பின்னாடி போறதுக்கு எதுக்குடி பஸ்ஸு ஏறிப் போகணும்? இங்கயே போகலாமே!” ஊரே சிரித்தது. நானும் சிரித்துக்கொண்டுதான் பஸ் ஏறினேன். அங்கே எங்களுக்குச் செய்முறை வகுப்பு எடுத்தவர் டாக்டர் வன்யாமா. முட்ட வரும் காளையின் கொம்பைப் பிடித்துக்கொண்டு அதனிடம் நலம் விசாரிக்கிற ஆள். அவர் நடந்து வந்தால் எங்களுக்கே நெஞ்சு நிமிரும். ஒருநாள் ஒரு பசுவைக் கொண்டுவந்தார்கள். எச்சில் ஒழுகுகிறது, குரல் கம்மிப்போய்க் கத்துகிறது. சட்டைக் கையைச் சுருட்டினார். தோள்வரை உள்ளே விட்டார். பிறகு எங்கள் பக்கம் திரும்பினார்.

“பயப்படாதீங்க பிள்ளைங்களா! பயந்தவன் இந்தத் தொழிலுக்கு லாயக்கில்ல. வாங்க, ஒவ்வொருத்தரா கைய விட்டுப் பாருங்க” என்றார்.

வரிசையில் நின்றோம். விட்டோம். நானும் விட்டேன். உள்ளே வெதுவெதுப்பு, வழவழப்பு; சிக்கியிருப்பது ஒன்றுமே இல்லை. அந்தப் பசு இறந்தது. வெறிநோய் என்று முடிவு வந்தது. எங்களையெல்லாம் வண்டியில் ஏற்றி ஊசி போட அழைத்துப் போனவர் அவரேதான். அழுதவளைத் தட்டிக்கொடுத்தார், மயங்கியவனைத் தூக்கிப் பிடித்தார். “நீங்க போட்டுக்கலையா சார்?” என்று கேட்டேன். “எனக்கா? என் தோல் எருமைத்தோல்மா. ஊசி வளைஞ்சிரும். உங்க பரீட்சை முடியட்டும், பாத்துக்கலாம்” என்றார். நாங்கள் சிரித்தோம். ஐயோ, நாங்கள் சிரித்தோமே!

பரீட்சை முடிந்தது. விடுமுறை முடிந்தது. கல்லூரி திறந்த பிறகு ஒரு முற்பகலில் ஆசிரியர் அறை வாசலில் நான் நின்றுகொண்டிருந்தேன். உள்ளே அவருக்குத் தேநீர் ஊற்றினார்கள். கோப்பையைத் தூக்கினார். வாயருகே கொண்டுபோனார். தொண்டை வெட்டி இழுத்தது. கீழே வைத்தார். மறுபடி தூக்கினார். மறுபடி வைத்தார். நிமிர்ந்து என்னைப் பார்த்தார். அந்த முகத்தில் நான் அதுவரை பார்க்காத ஒன்றை அன்று பார்த்தேன். “ஜெப்லெட்டிங், வண்டி வரச் சொல்லு. இது எனக்குத் தெரிஞ்ச நோய்தான்” என்றார்.

அறிகுறி தோன்றிவிட்டால் பிழைக்க வைக்க மருந்து இல்லை, அன்பர்களே! அன்றும் இல்லை, இன்றும் இல்லை! தண்ணீரைக் கண்டால் நடுங்கி, காற்று பட்டால் துடித்து, தான் பாடம் நடத்திய நோயைத் தன் உடம்பிலேயே படித்து முடித்துவிட்டுப் போனார் அந்த மனிதர். காளைக்குப் பயப்படாதவர், சாவுக்குக்கூடப் பயப்படாதவர். பிள்ளைகள் முன்னால் பயந்தவனாகத் தெரிந்துவிடுவோமோ என்று மட்டும் பயந்தார். அந்த ஒரு பயம் அவரைத் தின்றுவிட்டது.

ஊசி போட்டுக்கொண்ட நான் எப்படி இருந்தேன் தெரியுமா? கண் விழித்ததும் முதல் வேலை, ஒரு வாய்த் தண்ணீர். இறங்குகிறதா? இறங்கியது. அப்பாடா, இன்று இருக்கிறேன். மறுநாள் மறுபடியும் ஒரு வாய்த் தண்ணீர். உங்கள் வீட்டுப் பெண் ஆராய்ச்சிக்குப் போனது அறிவுத் தாகத்தால் என்று அழைப்பிதழில் அச்சடித்திருக்கிறீர்கள். தாகமாவது, தண்ணீராவது! பயந்து போனேன், அந்தப் பயத்தோடேயே பட்டம் வாங்கினேன், பயத்தோடேயே பேராசிரியர் ஆனேன். நரியின் மண்டை, நாயின் மூளை, மாட்டின் எச்சில் என்று இருபது ஆண்டு போனது. கண்ணாடிச் சில்லில் மூளைத் துணுக்கை வைத்து நுண்ணோக்கியில் பார்த்தால், நோய் இருந்தால் பச்சைப் புள்ளிகள் மின்னும். அந்தப் பச்சையைக் காணும் ஒவ்வொரு முறையும் எனக்கு ஒரே கேள்விதான். எந்த வீட்டில், எந்த மகராசன், ஒன்றும் அறியாமல் களி கிண்டித் தின்றுகொண்டிருக்கிறானோ? கட்டுரைகள் எழுதினேன், கடல் கடந்து போய் வாசித்தேன், கைதட்டினார்கள். அந்தக் கட்டுரையை எந்த நரி படித்தது? எந்த நாய் திருந்தியது? சொல்லுங்கள்!

ஐந்தாவது கை இருந்தது என்று எப்படிச் சொல்கிறாய் என்று தலைவர் கேட்கிறார். சொல்கிறேன். செலெல் இறப்பதற்கு முந்தைய நாள், கிப்யேகோவும் அண்டை வீட்டாரும் மருந்து வாங்கக் கடைவீதிக்குப் போனார்கள். ஜெமுத்தாய் ஓடைக்குப் போனார். திரும்பி வந்து பார்த்தால் பசுவின் கடைவாயில் குறுக்கே ஒரு கட்டை. வாய் மூடிக்கொள்ளாதபடி யாரோ வைத்த கட்டை. நால்வரில் ஒருவரும் வைக்கவில்லை. இன்று காலை கையுறை மாட்டிக்கொண்டு அதை எடுத்துப் பார்த்தேன். புதிதாக வெட்டிய கிளை. பட்டையைச் சீவி, முனையை மழுக்கி, பசுவின் ஈறு புண்படக் கூடாது என்று சட்டைத் துணியைக் கிழித்துச் சுற்றியிருக்கிறது. வாயைத் திறந்து வைத்தவர் கையை விடாமலா போயிருப்பார்?

கள்ளன் துணி சுற்றுவானா? கெட்டவன் முனையை மழுக்குவானா? நம் ஆட்களை எனக்குத் தெரியாதா! பசு கத்தினால் தின்கிற களியைப் பாதியில் வைத்துவிட்டு ஓடுகிறவர்கள் நாம். யாருடைய பசு என்று கேட்டுவிட்டா ஓடுகிறோம்? நம்மிடம் இருப்பதிலேயே நல்ல குணம் அது. அந்த நல்ல குணத்தின் வழியாகத்தான் இந்த நோய் நமக்குள் நுழைகிறது. பசு கத்தக் கத்தப் படுத்துக் கிடக்கும் கல்நெஞ்சக்காரனுக்கு இது வராது, தாய்மார்களே! இரங்கியவனுக்கு வரும், ஓடிப்போய் நின்றவனுக்கு வரும்.

ஐந்தாவது கைக்குரியவரே! ஏன் மறைகிறீர்கள்? வெட்கமா? வீம்பா? வேறு ஏதாவது வருத்தமா? எதுவாகவும் இருக்கட்டும், நான் கேட்கப்போவதில்லை. உங்கள் கை இன்று வலிக்கவில்லை. அதுதான் பயங்கரம்! நாளையும் வலிக்காது. வாரம் போகும், மாதம் போகும், காயம் ஆறும், நீங்கள் மறப்பீர்கள். அது மறக்காது. நரம்பைப் பற்றிக்கொண்டு நகரும். கையிலிருந்து தோளுக்கு, தோளிலிருந்து கழுத்துக்கு, கழுத்திலிருந்து மூளைக்கு. அது போய்ச் சேருமுன் மருந்து போய்ச் சேர வேண்டும். எல்லா மேடையிலும் அஞ்சாதீர்கள், அஞ்சாதீர்கள் என்றுதான் பேசுவார்கள். நான் கெஞ்சிக் கேட்கிறேன்: அஞ்சுங்கள்! அலறி அஞ்சுங்கள்! அஞ்சி எழுந்து வாருங்கள்! பந்தலுக்குப் பின்னால் வண்டி நிற்கிறது. ஆஸ்பத்திரியில் மருந்து இருக்கிறது. ஏறி உட்கார ஆள்தான் இல்லை.

இதோ, பேச்சை நிறுத்திவிட்டு நிற்கிறேன்.

ஏன் எல்லோரும் பின்னால் திரும்புகிறீர்கள்? ஜெனரேட்டர் பக்கத்தில் கை தூக்கியிருப்பது யார்? தொப்பியை எடுங்கள். கிமெலி அண்ணனா!

வெளியூர் விருந்தினர்கள் என்ன என்று விழிக்கிறார்கள். கிமெலி, கிப்யேகோவின் கூடப்பிறந்த அண்ணன். அப்பா காலமாகி நிலம் பிரித்த நாளிலிருந்து இருவருக்கும் பேச்சில்லை. வேலியைத் தாண்டினால் காலை ஒடிப்பேன் என்று தம்பி சொன்னதும், செத்தாலும் தாண்டமாட்டேன் என்று அண்ணன் சொன்னதும் ஊருக்கே தெரியும்.

அண்ணே, அங்கிருந்தே சொல்லுங்கள். எல்லோருக்கும் கேட்கும்படி நான் மைக்கில் சொல்கிறேன். “ஆமா, நாந்தான். அவன் ஊட்டுல ஆளில்லாத நேரமாப் பாத்துப் போனேன். அது கெடந்து கத்துது, எத்தினி நேரம் காதப் பொத்திக்கிட்டு இருக்குறது? சண்டை அவங்கூடத்தான், மாட்டுகூட எனக்கு என்ன சண்டை?” என்கிறார். கையில் காயம் உண்டா அண்ணே? “பல்லு பட்டுச்சு. சின்னக் கீறல்தான்.” சின்னக் கீறலாம்! கேட்டீர்களா?

கிப்யேகோ எழுகிறார். வழி விடுங்கள். யாரும் பிடிக்க வேண்டாம். தலைவரே, நீங்களும் உட்காருங்கள். போகட்டும்... கிட்டே போய்விட்டார்.

என்ன சொன்னார் என்று முன்வரிசைப் பெரியவர்கள் கேட்கிறார்கள். “அண்ணே” என்றார். அந்தக் கீறல்பட்ட கையைப் பிடித்துப் பார்த்துக்கொண்டு நிற்கிறார். இப்போது கிமெலி பேசுகிறார். “பயமா இருக்குடா” என்கிறார்.

பயமாக இருக்கிறதாம்! இருபது ஆண்டில் இப்படியொரு நல்ல சொல்லை நான் கேட்டதில்லை. பயந்தவரை என்னால் காப்பாற்ற முடியும். “அண்ணன் பொழைச்சுக்குமா அக்கா?” என்று கிப்யேகோ கேட்கிறார். இன்றே போட்டால் பிழைப்பார். ஒரு ஊசிகூட விடாமல் போட்டால் பிழைப்பார். எருமைத்தோல் என்று எவனாவது சொன்னால் அவனை என்னிடம் அனுப்புங்கள்.

தலைவர் அவர்களே, விருந்து நடக்கட்டும். நான் இந்த இருவரோடும் வண்டியில் போகிறேன். ஊசி ஏறுவதைக் கண்ணால் பார்க்கும்வரை எனக்கு உயிர் இராது. மாலை போட்ட ஊருக்கும், பொறுத்துக் கேட்ட பெரியவர்களுக்கும், வேலி தாண்டிய காலுக்கும், வெட்கத்தை விட்டு உயர்ந்த கைக்கும் கொங்கோய், நன்றி, வணக்கம். டிரைவர் தம்பி, வண்டியை எடுப்பா!